சூப்பர்வைசர் வாங்கிய கேடயம்

வாங்கியே தீருவது என்று சூப்பர்வைசர் முடிவு கட்டிவிட்டார். வீட்டில் உடம்பு முடியாதவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்குக் குடியிருப்போர் சங்கம் விழா எடுத்துக் கேடயம் கொடுக்கப் போகிறதாம். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட அப்பா அவர் வீட்டிலும் இருக்கிறார். இதைவிட வேறு என்ன தகுதி வேண்டும்? நேரே சங்கத்துச் செயலாளரிடம் போய்த் தன் பேரைச் சொல்லிவிட்டு வந்தார்.

அப்பாவைப் பார்த்துக்கொள்வது மனைவிதான் என்பதெல்லாம் அவருக்குச் சில்லறை விஷயம். அவரும் பார்க்காமல் இல்லை. மதியம் குளிர்பதனக் கிடங்கு வேலைக்குக் கிளம்பும்போது அறை வாசலில் நின்று, "என்னப்பா, நல்லாயிருக்கீங்களா?" என்று கேட்பார். அப்பாவுக்கு ஒரு வார்த்தை நாக்கில் திரண்டு வர நேரமாகும். அது வருவதற்குள் மகன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை தாண்டியிருப்பார்.

மனைவி ஒரு காலத்தில் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். பழகுகிற வண்டியில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு, அதில் கால் வைத்துக்கொண்டு ஊரையே ஓட்டப் பழக்கியவள். பிரேக்கம்மா என்றுதான் எல்லாருக்கும் பழக்கம். மாமனார் விழுந்ததும் வேலையை விட்டாள். "காலை வகுப்புக்காவது வாயேம்மா" என்று ஸ்கூல் முதலாளியம்மா இன்னமும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அவளுக்கும் உயிர் துடிக்கிறது. ஆனால் பேச்செடுத்தாலே சூப்பர்வைசர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "போ, தாராளமா போ! அப்பாவை யாரு பாத்துக்கறது? எனக்குத்தான் முதுகுவலியாச்சே!"

கேடயச் செய்தி எதிர்வீட்டம்மா வழியாக வந்து சேர்ந்தது. பிரேக்கம்மா ஈரத்துண்டும் கையுமாக வந்து நின்றாள்.

"உங்களுக்கு என்னமோ கேடயமாமே?"

"அது வந்து... சங்கத்துல ரொம்ப வற்புறுத்தினாங்க."

"எதுக்காம்?"

"அப்பாவைப் பாத்துக்கறதுக்கு."

"யாரு பாத்துக்கறது?"

"நாமதான்."

"நாமன்னா? என் முதுகும் உங்க வாயுமா?"

"நீ பாத்தா என்ன, நான் பாத்தா என்ன? ஒரே குடும்பம்தானே!"

துண்டு பறந்து போய் வாளியில் விழுந்தது. "ஒரே குடும்பமா? அவரைப் புரட்டிப் படுக்க வைக்கறப்ப எங்க போச்சு இந்தக் குடும்பம்? துணி மாத்தறப்ப எங்க போச்சு? ரெண்டு வருஷமா 'நீ சாப்பிட்டியா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பீங்களா? பேரு வாங்க மட்டும் முன்னாடி வந்து நிக்கறீங்களே, வெக்கமா இல்ல?"

உள்ளறையில் கட்டில் கம்பி டக் டக்கென்று சத்தம் கொடுத்தது. மாமனார் இடது கையால் தட்டிக் கூப்பிடுகிறார். உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முகத்தில் கோபத்தைக் காணோம்.

"சரிங்க. நீங்களே வாங்கிக்கோங்க. ஆனா விழாவுக்கு முன்னாடி கமிட்டி வீட்டுக்கு வந்து, நீங்க கவனிச்சுக்கற அழகை நேர்ல பாக்கப் போறாங்களாம். அதுக்குள்ள பழகிடணும்."

வேறொருவராயிருந்தால் அப்போதே உஷாராகியிருப்பார். சூப்பர்வைசரோ போட்டோவுக்கு எந்தச் சட்டை போடுவது என்று யோசிக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலையே பாடம் ஆரம்பம். மசித்த உருளைக்கிழங்கை ஸ்பூனில் அள்ளி அப்பாவின் வாயில் வைத்தார். வைத்த வேகத்தில் அது சட்டைக்கு வந்தது.

"இடது பக்கமா குடுங்க! வலது கன்னத்துல வச்சா அங்க ஒண்ணு இருக்கறதே அவருக்குத் தெரியாது. தலையை அண்ணாந்து பாக்க விடாதீங்க, புரையேறும். முழுங்கிட்டாரா பாருங்க... ஏன் அடுத்த ஸ்பூன்? பிரேக்! பிரேக்கைப் போடுங்கன்னா!"

"இது என்ன காரா?"

"காரா இருந்தா இந்நேரம் சுவத்துல மோதியிருப்பீங்க."

சக்கர நாற்காலியில் உட்கார வைப்பது அதைவிட மோசம். சக்கரத்துக்குப் பூட்டுப் போட மறந்து அப்பாவைத் தூக்கினார். நாற்காலி தன்பாட்டுக்குப் பின்னால் நகர்ந்து பீரோவோடு பேசப் போய்விட்டது. அப்பா பாதி ஆகாயத்தில். பிரேக்கம்மா ஓடிவந்து இடுப்பைத் தாங்கினாள். அப்பா சிரித்தாரா, முறைத்தாரா என்று கோணிய வாயை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த வாரம் முழுக்கக் காலைப் பேப்பர் பிரிக்கப்படாமலே கிடந்தது. வியர்த்துக் கொட்ட, திட்டு வாங்க, எப்படியோ முக்கால்வாசி கைக்கு வந்துவிட்டது. முதுகுவலி என்று முனக நேரமில்லாததால் அதையும் மறந்துபோனார்.

கமிட்டி வந்தது. தினமும் பல்லைக் கடித்து மல்லுக்கு நின்ற அப்பா, அன்றைக்கு இடது பக்கம் ஸ்பூன் வந்ததும் ஆவென்று வாயைத் திறந்தார். நாற்காலிக்கு மாறும்போது மகன் தோளில் வாகாகச் சாய்ந்துகொண்டார். போதாக்குறைக்கு மகன் கன்னத்தையும் தடவிக் கொடுத்தார்! செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரேக்கம்மா ஒரு ஓரமாக, ஒன்றும் தெரியாதவள் போல் காபி கொண்டுவந்து வைத்தாள். சூப்பர்வைசருக்குத் தலைகால் புரியவில்லை.

விழா மண்டபத்தில் நல்ல கூட்டம். கேடயம் கைக்கு வந்தது. அதோடு இறங்கியிருக்கலாம். மைக் கைக்கு வந்தால் யார் இறங்குவார்கள்?

"குளிப்பாட்டறது, ஊட்டறது, தூக்கறது, இறக்கறது, எல்லாம் நானேதான்! என் மனைவியை ஒரு துரும்பைக்கூட எடுத்துப்போட விடமாட்டேன். முதுகுவலியா? எனக்கா? அப்பாவைத் தூக்கற மகனுக்கு அந்தப் பேச்சே கிடையாது!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. அது அடங்குவதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. டிரைவிங் ஸ்கூல் முதலாளியம்மா.

"ரொம்ப சந்தோஷம் சார். அப்போ உங்க வீட்டம்மா காலையில சும்மாதான் இருக்காங்க?"

மண்டபமே சூப்பர்வைசர் வாயைப் பார்த்தது. இல்லை என்றால் கேடயம் போச்சு. ஆமாம் என்றால்... கேடயத்தை மார்போடு இறுக்கிக்கொண்டார்.

"ஆ... ஆமா."

பிரேக்கம்மா சட்டென்று எழுந்தாள். "மேடம், நாளைக் காலையிலேருந்து வந்துடறேன்!" முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். முதலில் தட்டியது செயலாளர்தான். "நீங்க போன் பண்ணிக் கூப்பிட்டது நல்லதாப் போச்சும்மா!" என்றார் அவளிடம். வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லி அவருக்குப் போன் போட்டதே பிரேக்கம்மா என்று அப்போதுதான் சூப்பர்வைசருக்கு உறைத்தது.

மறுநாள் காலை, டிரைவிங் ஸ்கூலுக்குப் போட்டுப் போகிற பழைய நீலக் கோட்டில் பொத்தான் போட்டுக்கொண்டே வந்தாள். கோட்டு கொஞ்சம் தொளதொளத்தது. முகம் மட்டும் பளிச்சென்றிருந்தது.

"ஏம்மா, நெஜமாவே போறியா?"

"பின்ன? மதியம் நீங்க கிளம்பறதுக்குள்ள வந்துடுவேன்."

"வேணும்னா அந்தக் கேடயத்தை நீயே வச்சுக்கயேன்."

"எதுக்கு? அதையும் சேத்துத் துடைக்கவா? எனக்குக் கேடயம் வேணாங்க. என் காலை நேரம் எனக்கு வேணும். அவ்வளவுதான்."

"என் முதுகு..."

"நேத்து மைக்குல நல்லாத்தானே இருந்துச்சு?" அவள் செருப்பை மாட்டினாள். "நான் பாத்தா என்ன, நீங்க பாத்தா என்ன? ஒரே குடும்பம்தானே! மாமா, போயிட்டு வரேன்!"

உள்ளேயிருந்து கட்டில் கம்பி உற்சாகமாக டக் டக்கென்றது.

சூப்பர்வைசர் பெருமூச்சு விட்டபடி அறைக்குள் போனார். சக்கரத்தைப் பூட்டினார், அப்பாவை அணைத்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். பூட்டை எடுத்துவிட்டுத் தள்ளுவதற்காகப் பின்னால் போனவர் அப்படியே நின்றுவிட்டார். நாற்காலியின் முதுகில், வெள்ளைப் பலகையில் சிவப்பெழுத்தாக, டிரைவிங் ஸ்கூலின் எல் போர்டு தொங்கியது.

அப்பாவின் உதடு அசைந்தது. இந்தத் தடவை மகனுக்கு ஓடிப்போக இடமில்லை. முழு வார்த்தையும் வரும்வரை நின்று கேட்க வேண்டியதாயிற்று.

"பா...த்து... ஓட்டு."