வயிற்றின் பொருட்டு விருந்துக்கு வர இயலாமை

பெருமதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. தாங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று முறைப்படி விரும்புகிறேன். என் சௌக்கியத்தை நீங்கள் கேட்கவில்லை. ஆகவே நானே சொல்கிறேன்.

நீங்கள் பணி ஓய்வு பெறுவதற்காகச் சனிக்கிழமை மதியம் வீட்டில் விருந்து என்று அழைப்பு வந்தது. வர இயலாது. காரணம் வயிறு. பதினோரு வருடமாக உங்கள் வாசலை நான் மிதிக்காததற்கும் அதுவே காரணம். அன்று உங்கள் சாப்பாட்டு மேஜையைச் சுற்றிப் பதினான்கு பேர் இருந்தோம். எல்லோரும் ஒரு நொடி பேச்சை நிறுத்திய நேரம் பார்த்து என் வயிறு சத்தம் போட்டது. நீங்கள் கரண்டியை வைத்துவிட்டு, "தம்பி வயித்துல இடி இடிக்குது, மாடியில துணி காயுதான்னு பாருங்க" என்றீர்கள். என் பக்கத்து நாற்காலியில் இருந்த அண்ணி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் பாதியில் எழுந்து கை கழுவினேன். கோபித்துக்கொண்டு போகிறான் என்றீர்களே தவிர, ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இத்தனை வருடமும் எனக்கிருந்த ஒரே ஆறுதல், இப்படியொரு வயிறு இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் என்பது. போன மாதம் அதுவும் போயிற்று. எங்கள் அலுவலக வேலை உங்களுக்குத் தெரியும், ஊராரிடம் கேள்வித்தாள் கொடுத்து, நிரப்பி வாங்கி, எண்ணிச் சொல்வது, அதில் நம்பத்தகாத தாள்களைப் பொறுக்கித் தள்ளுவது என் மேஜை வேலை. இந்த முறை கேள்வி வயிற்றைப் பற்றி. நெஞ்செரிச்சல், உப்புசம், ஏப்பம், மலச்சிக்கல், பேதி என்று பதினாறு தொல்லைகள், இருப்பதற்கு டிக் அடிக்க வேண்டும். கட்டுக் கட்டாக வந்தன. பள்ளி ஆசிரியர், பஸ் ஓட்டுநர், பல் மருத்துவர், ஒருவர் பாக்கியில்லை, பத்துப் பேரில் ஆறு பேருக்கு ஏதோ ஒன்று. கடைசிக் கேள்வி, இதை யாரிடமாவது சொன்னீர்களா என்பது. பெரும்பாலும் இல்லை. ஊரே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு நடக்குது அண்ணா, மாட்டிக்கொண்டவன் நான் ஒருவன்தான்.

அந்தக் கடுப்பில் இருந்தபோது ஒரு தாள் வந்தது. பதினாறுக்கும் டிக். மலச்சிக்கலும் உண்டு, பேதியும் உண்டு. ஓரத்தில் பொடி எழுத்தில், 'இவை போக, சொல்லில் அடங்காதவை சில.' இந்த ஆளுக்குக் கோளாறு வயிற்றில் அல்ல, வாயில் என்று எண்ணி, சிவப்பு மையில் 'மிகை, நம்பத்தகாதது' என்று எழுதித் தள்ளினேன். மறுநாள் மேலாளர் அம்மா கூப்பிட்டார். "சார், இது வெளியிலேர்ந்து வந்தது இல்ல. ஆரம்பத்துல சோதிச்சுப் பாக்க நம்ம ஆபீஸ்ல எல்லாரும் நிரப்பினது. கையெழுத்தப் பாருங்க." பார்த்தேன். என்னுடையது. இருபத்தைந்து வருட வேலையில் நான் சரியாகத் தள்ளிய தாள் அது ஒன்றுதான் என்று பக்கத்து மேஜைக்காரர் சொல்லித் திரிகிறார்.

ஆக, என் வயிறு எல்லோருக்கும் இருப்பதுதான். என் வேதனை பொய் என்று என் கைப்படவே எழுதியாயிற்று. ஆனால் அன்றைய சிரிப்பு பொய்யில்லை. கணக்குப்படி அந்தப் பதினான்கு பேரில் எட்டுப் பேருக்காவது இதே கதி. நல்லவேளை நம்முடையது இல்லை என்றுதான் சிரித்திருக்கிறார்கள். அதை என்னால் செரிக்க முடியவில்லை. எனவே வரவில்லை, இனியும் வருவதாக இல்லை.

அண்ணிக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உங்கள் ஓய்வுக்காலத்துக்கு நல்ல ஜீரணம் உண்டாவதாக.

இப்படிக்கு,
உங்கள் தம்பி

பி.கு.: உறையை ஒட்டும்போது அண்ணி அலுவலகத்துக்கே தொலைபேசியில் அழைத்து, வருவீர்களா என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன், கணக்கையும் சொன்னேன். பத்தில் ஆறு என்றதும் நிஜமா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, "தம்பி, அன்னைக்கு சத்தம் போட்டது உங்க வயிறு இல்ல, என்னோடது. உங்கண்ணன் உங்க பேரச் சொல்லிட்டாரு. நான் சிரிக்கலேன்னா கண்டுபிடிச்சிருப்பாங்க" என்றார். உங்களிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லையாம், என்னையே எழுதச் சொன்னார். மேலே எழுதியதை அடித்துவிடலாம். பதினோரு வருடத்தை எதைக் கொண்டு அடிப்பது? சனிக்கிழமை வருகிறேன். என்னை அண்ணிக்குப் பக்கத்திலேயே உட்கார வையுங்கள். எந்தச் சத்தம் வந்தாலும் என்னுடையதாகவே இருக்கட்டும். இத்தனை நாள் சுமந்தவனுக்கு இன்னொரு வேளை பெரிதல்ல.