செத்தவன் மூச்சு

சனிக்கிழமை வந்துவிட்டால் எங்கள் ஃபிக்டன்பாக் கிராமத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. பக்தி பெருகிவிட்டது என்று பாதிரியார் முதலில் மகிழ்ந்தார். பாவம், கூட்டம் அவருடைய தேவாலயத்தைத் தாண்டி, விடுதியின் நடனக் கூடத்துக்குப் போனது. அங்கே வெண்டெலின் க்ராப் என்ற மகான் எழுந்தருளியிருந்தார். கோலிகுண்டுக்குள் அடைபட்டிருக்கும் ஆவிகளோடு பேசுவது அவர் தொழில்.

ஜெர்மனியின் துரிங்கியக் காட்டுப் பக்கம் கோலி இல்லாத வீடு ஏது? உருகிய கண்ணாடிக் கோலை நறுக்கி நறுக்கிக் கோலி செய்து உலகத்துக்கே அனுப்பியவர்கள் எங்கள் முன்னோர். தையல் பெட்டியில், பரணில், பழைய பூட்ஸுக்குள், எங்கே கைவிட்டாலும் இரண்டு அகப்படும். க்ராப் அத்தனையையும் கொண்டுவரச் சொன்னார். நாங்களும் வரிசையில் நின்றோம். வாசலில் தொத்திறைச்சி சுடும் ஆளுக்கு நல்ல யோகம்.

மகான் கறுப்புத் துணியால் கண்ணை இறுகக் கட்டிக்கொள்வார். கோலியை வாங்கி விரல்களுக்கிடையே மெல்ல உருட்டுவார். கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு தீர்ப்பு. சுத்தம் என்றால் நெஞ்சோடு கட்டிக்கொள்ளலாம். எந்த நோயும் ஓடிவிடும். செத்தவன் மூச்சு என்றால் போச்சு. உலைச் சூட்டில் வெந்து செத்த தொழிலாளியின் ஆவி உள்ளே இருக்கிறது, குடும்பத்தையே அழித்துவிடும். அப்படிப்பட்ட கோலியை அவரே பெரிய மனதோடு வாங்கிக் காட்டில் புதைத்துவிட்டு, சுத்தமான கோலி ஒன்றை விலைக்குத் தருவார். ஆவியைச் சுமந்துகொண்டு காட்டுக்குப் போவதென்றால் சும்மாவா? பெட்ரோல் செலவு இருக்கிறதே.

எங்கள் ஊர் வால்புர்கா ஸ்ட்ரோபல் கொண்டுபோனது அழகான கோலி. எலுமிச்சை அளவு, தெளிந்த கண்ணாடி, நடுவே வெள்ளி போல மின்னும் ஆட்டுக்குட்டி. குட்டியின் ஒரு காது மூளி. க்ராப் அதை உருட்டினார், உடம்பை உதறினார், செத்தவன் மூச்சு என்றார். கணவர் ஓட்மாருக்கு இதய நோய் வந்ததே அதனால்தானாம். வால்புர்கா அழுதுகொண்டே அதைக் கொடுத்துவிட்டு, வழவழப்பான நீலக் கோலி ஒன்றை வாங்கி வந்து கணவரின் நெஞ்சில் கட்டினாள். ஓட்மார் மாத்திரைகளை நிறுத்தினார்.

குண்டுலா ஹைடர் எங்கள் ஊர் மாட்டு டாக்டர். பழைய கோலி சேர்ப்பதில் அவருக்குப் பைத்தியம் உண்டு. வசந்த காலத்தில் நியூரம்பெர்க் நகரில் நடந்த கோலிச் சந்தைக்குப் போனவர், ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில், மூளிக் காதோடு ஒரு ஆட்டுக்குட்டி நிற்பதைப் பார்த்தார். ஸ்ட்ரோபல் வீட்டு அலமாரியில் எத்தனையோ தடவை ஆசையோடு பார்த்த குட்டி. காட்டில் புதைத்த ஆவி நியூரம்பெர்கில் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடைக்காரரை விசாரித்தார். கண்ணியமான ஆள் ஒருவர் மாதாமாதம் பெட்டி பெட்டியாகக் கொண்டுவருவதாகவும், பெயர் க்ராப் என்றும் அவர் சொன்னார்.

டாக்டர் கோலியை வாங்கிக்கொண்டு நேரே ஸ்ட்ரோபல் வீட்டுக்குப் போனார். ஓட்மார் முற்றத்து வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது, கணுக்கால் வீங்கியிருந்தது. இதே நிலையில் ஒரு குதிரையைப் பார்த்திருந்தால் டாக்டர் அதன் சொந்தக்காரனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். கோலியை எடுத்து நீட்டினார். வால்புர்கா இரண்டடி பின்வாங்கினாள்.

"புதைச்சதை ஏன் தோண்டி எடுத்தீங்க டாக்டரம்மா?"

"நான் தோண்டலை. சந்தையில காசு குடுத்து வாங்கினேன்."

"அப்ப அந்த ஆவி நடந்தே போயிருக்கு. பார்த்தீங்களா அதோட சக்தியை?"

டாக்டருக்கு வந்த கோபத்துக்குக் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. ஒரு ஒப்பந்தம் போட்டார். வால்புர்கா அதே கோலியை மகானிடம் இரண்டு தடவை கொடுக்கவேண்டும். வாய் திறக்கக் கூடாது. இரண்டு தடவையும் அவர் ஒன்றையே சொன்னால் டாக்டரே அதைப் புதைத்துவிடுவார். மாற்றிச் சொன்னால் ஓட்மார் அன்றைக்கே மாத்திரை சாப்பிடவேண்டும். ஓட்மார் வாளியிலிருந்தபடியே தலையாட்டினார்.

அடுத்த சனிக்கிழமை கூடத்தில் எள் விழ இடமில்லை. மகான் கண்ணைக் கட்டியதும் டாக்டர் எழுந்து, சத்தம் போடவேண்டாம் என்று எல்லோருக்கும் விரலைக் காட்டினார். கோலியைத் தூக்கிப் பிடித்தார். அதன் அடியில், கண்ணாடிக் கோலிலிருந்து வெட்டிய இடத்தில், சொரசொரப்பான தழும்பு இருந்தது. கையால் செய்த பழைய கோலிக்கெல்லாம் அந்தத் தழும்பு உண்டு, சந்தையில் நல்ல விலையும் உண்டு; இயந்திரத்தில் செய்ததற்கு இரண்டும் கிடையாது. மெழுகுவத்தியிலிருந்து கொஞ்சம் மெழுகை எடுத்துத் தழும்பை அடைத்து, வழவழப்பாகத் தேய்த்து, வால்புர்காவிடம் கொடுத்தார்.

க்ராப் உருட்டினார். முகம் மலர்ந்தது. "சுத்தம். பச்சைக் குழந்தை மாதிரி. நெஞ்சிலேயே வெச்சுக்கோ."

டாக்டர் கோலியை வாங்கி, நகத்தால் மெழுகைச் சுரண்டினார், கைக்குட்டையால் துடைத்தார், வால்புர்காவிடம் திருப்பிக் கொடுத்தார். அவள் வரிசையில் அடுத்து வந்த ஆள் போல அதை மறுபடி மகானிடம் நீட்டினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம், பார்க்க முடியாத ஒருவரைத் தவிர.

க்ராபின் கட்டைவிரல் தழும்பில் வந்து நின்றது. உடம்பு உதறியது. "ஐயோ பாவம், செத்தவன் மூச்சு. ரொம்பப் பழைய ஆள். இப்பவே இங்க குடுத்துரு."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு முன்னால் வர நேரமாகவில்லை. மகான் துணியை அவிழ்த்தார். கையில் ஆட்டுக்குட்டி நின்றது.

ஆவி போய்ப் போய் வரும் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். வால்புர்கா விடவில்லை. நிறுத்தி நிதானமாகவே கேட்டாள்.

"இது நீங்க புதைச்ச கோலி. எங்க புதைச்சீங்க?"

பதில் அவருடைய வண்டியில் இருந்தது. காவலர் வந்து பின்பக்கத்தைத் திறந்தபோது, விற்றது போக மீதியிருந்த எங்கள் ஊர் ஆவிகள் எல்லாம் பஞ்சில் சுற்றிய கோலிகளாகப் பத்திரமாகப் படுத்திருந்தன. அவருடைய சுத்தமான கோலிகளோ பொம்மைக் கடையில் வலைப்பையில் விற்கும் சரக்கு.

ஓட்மார் அன்றைக்கே மாத்திரை போட்டுக்கொண்டார். இப்போது மாடிப்படி ஏறுகிறார், மனைவியோடு சண்டை போடவும் மூச்சு இருக்கிறது. க்ராபை நம்பி மாத்திரையை நிறுத்திய பக்கத்து ஊர்க் கிழவர் ஒருவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவரை நெஞ்சில் கட்டிய நீலக் கோலியோடேயே அடக்கம் செய்தார்கள். அது யார் மூச்சு என்று எந்த மகானும் சொல்லவில்லை.

க்ராபைக் காவல் வண்டியில் ஏற்றும்போது, எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஜன்னல் பக்கம் குனிந்து, தன்னிடம் இருப்பதாவது நிஜமாகவே சுத்தமானதுதானா என்று ரகசியமாகக் கேட்டார். க்ராபே வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஏமாற்றுகிறவனைப் பிடித்து உள்ளே போடச் சட்டம் இருக்கிறது, ஐயா. ஏமாறுகிறவன் தன் தலையைத் தானே பயன்படுத்தினால்தான் உண்டு.