கைலி கட்டிய பூதம்

உயிர் உள்ளவரை திரையில் ஓடும் பேயைப் பார்க்கவே மாட்டேன் என்று 2009-ம் வருஷம் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தீர்மானம் நிறைவேற்றினேன். காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்திருந்த நேரம். முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவனும் நான். சபையில் இருந்த ஒரே ஆள் என் மனைவி இன்னாசிமேரி. அவள் சங்கரா மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள்.

"சரிங்க. பேசி முடிச்சதும் கொத்தமல்லி வாங்கியாங்க" என்றாள்.

பெரிய தீர்மானங்களுக்கெல்லாம் முதலில் இப்படித்தான் மரியாதை கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு பையை எடுத்தேன்.

விஷயம் இதுதான். பாண்டிச்சேரியைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொண்டாட்டபுரி என்று ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. அதில் பேய்க்குகை என்று ஒரு சவாரி இருந்தது. தகர வண்டியில் உட்கார்ந்தால் அது இருட்டுக்குள் மாட்டு வண்டி வேகத்தில் போகும். இரண்டு பக்கமும் தகரத்திலும் சாக்குத்துணியிலும் செய்த பதினேழு பேய்கள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். ஒன்பதாவது பேய்க்குத் தாடை சிக்கிக்கொண்டு பாதிதான் திறக்கும். கொட்டாவி விடுவதுபோல இருக்கும். எனக்கு அந்தப் பேயை ரொம்பப் பிடிக்கும். ஆபீஸ் நண்பர்களோடும் தனியாகவும் இருபத்து மூன்று தடவை போயிருக்கிறேன்.

அதன் புகழைப் பரப்புவதற்கென்றே, இணையத்தில் அப்போது எல்லோரும் கூடிய ஆர்க்குட்டில் 'பேய்க்குகை ரசிகர் பேரவை' என்று ஒரு குழு ஆரம்பித்தேன். இருநூற்றுப் பதினான்கு உறுப்பினர்கள். தலைவர் அடியேன், மரியலூர்து. மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்க்கும் ஆபீசில் பியூன்கூட என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார். ஆர்க்குட்டில் நான் ஒரு கமா போட்டால் நாற்பது பேர் கைதட்டுவார்கள்.

அந்த வருஷம் கோடை விடுமுறைக்குள் கொண்டாட்டபுரிக்காரர்கள் பேய்க்குகையை இடித்துவிட்டு, அதே இடத்தில் 'பாதாளப் பயணம்' என்று புதிதாக ஒன்றைத் திறந்தார்கள். பொம்மை கிடையாது. தகரம் கிடையாது. சுற்றிலும் திரை. மூக்கில் ஒரு கண்ணாடி. திரையில் பூதம் கையை நீட்டினால் அது நம் மூக்கு நுனி வரை வருமாம். வண்டி அதற்குத் தகுந்தாற்போல் ஆடுமாம், சுழலுமாம், விழுமாம்.

பேரவை இரண்டாகப் பிளந்தது. காடாம்புலியூர் முந்திரி வியாபாரி தங்கராசு, "திரை பாக்கணும்னா பண்ருட்டியில தியேட்டர் இல்லியா? நாலு நிமிசத்துக்கு ரெண்டு மணி நேரம் க்யூவா?" என்று கொதித்தார். சிதம்பரத்தில் இன்ஜினியரிங் படிக்கும் சித்தார்த் அதற்குள் மூன்று தடவை போய்வந்திருந்தான். பூதத்தைப் பார்க்கத் தருவதால் இதுதான் நிஜமான பூதக்கண்ணாடி என்று எழுதினான். இன்னொருவர், தன் மாமியார் அந்தக் கண்ணாடியைக் கழற்றாமலே பஸ் ஏறிவிட்டதாகவும், விழுப்புரம் வரை யார் கையை நீட்டினாலும் குனிந்து குனிந்து உட்கார்ந்ததாகவும் வருத்தப்பட்டிருந்தார்.

தலைவர் சும்மா இருக்கலாமா? பதினாலு பத்தியில் கண்டன அறிக்கை விட்டேன். கைக்குத் தட்டுப்படுவதுதான் கலை, திரை என்பது வெறும் வெளிச்சம் என்றேன். 'நரை வந்தால் வரட்டும், திரை மட்டும் வேண்டாம்' என்று முடித்தேன். பாராட்டு பிய்த்துக்கொண்டு போனது.

அத்தனை பாராட்டுக்கும் கீழே சித்தார்த் ஒரே ஒரு வரி கேட்டிருந்தான். "அண்ணே, நீங்க போயிட்டு வந்தீங்களா?"

நான் போகவில்லை. போகவும் முடியாது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன், வெளியே விடாதீர்கள். எனக்கு ஊஞ்சலே ஆகாது. ஒருமுறை பொருட்காட்சியில் ராட்டினம் ஏறி இறங்கியவன், கீழே நின்ற எங்கள் சூப்பிரண்டின் வெள்ளைச் சட்டையை என்ன செய்தேன் என்பதை இங்கே எழுத முடியாது. பேய்க்குகை மாட்டு வண்டி வேகத்தில் போனது, அதனால் எனக்குப் பிடித்தது. கொள்கையெல்லாம் பிற்பாடு சேர்ந்துகொண்டது.

ஆனால் கை தானாக டைப் அடித்தது: 'போகாமல் எழுதுவேனா தம்பி? விரிவான விமர்சனம் அடுத்த ஞாயிறு.' அனுப்பும்போது கரண்ட் போய்விட்டது. அந்தப் பதில் போயிருக்கக் கூடாது மாதாவே என்று இரண்டு மணி நேரம் வேண்டிக்கொண்டேன். கரண்ட் வந்ததும் பார்த்தேன். போயிருந்தது. முப்பத்தெட்டு பேர் ஆவலோடு காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு திட்டம் உதித்தது. நான் ஏன் போக வேண்டும்? மேரி போகட்டும். அவள் பார்த்து வந்து சொல்வதை நான் பார்த்ததாக எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது?

கொண்டாட்டபுரிக்குக் கூட்டிப்போகச் சொல்லி மேரி பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் வெயில் ஜாஸ்தி, கூட்டம் ஜாஸ்தி, உனக்குப் பிரஷர் ஜாஸ்தி என்று மாற்றி மாற்றிச் சொல்லி வந்தேன். அவள் வந்தால் சுழல்கிற எல்லாவற்றிலும் ஏறலாம் என்பாள், அதுதான் பயம். இப்போது நானே வலியப் போய், பக்கத்து வீட்டு ஜோதி மேரியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை போய்வரச் சொன்னேன். மேரி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

"அந்தப் பாதாளப் பயணத்துல கண்டிப்பா ஏறு. என்னென்ன வருதுன்னு ஒன்னு விடாம பாத்து வச்சிக்க" என்றேன்.

"நீங்கதான் அதைப் பாக்க மாட்டேன்னு தீர்மானம் போட்டீங்களே."

"தீர்மானம் எனக்கு. குடும்பத்தைக் கட்டுப்படுத்தாது."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "சரிங்க" என்றாள். அவளுடைய 'சரிங்க'வுக்கு மூன்று அர்த்தம் உண்டு. இது எந்த அர்த்தம் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தாள். தலை ஈரம், முகம் வெயிலில் கறுத்துப் பளபளவென்று இருந்தது. நானே காபி போட்டுக் கொடுத்தேன். அவள் ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைத் தள்ளி வைத்தாள். நோட்டும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்தேன். சர்ச்சில் வாசகம் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி அவள் சொல்ல ஆரம்பித்தாள்.

முதலில் இருட்டாம். பிறகு ஓர் ஆறு. ஆற்றைத் தாண்டினால் பூதத்தின் மாளிகை. நடுக்கூடத்தில் பூதம் உட்கார்ந்திருக்கும். கைலி கட்டியிருக்கும். தொப்பை உண்டு. மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும். ஒரு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து லொட்டு லொட்டு என்று தட்டிக்கொண்டே இருக்கும். அரை மணிக்கு ஒருதரம் 'காபி' என்று உறுமும். வாசல் கதவோரமாகச் செருப்பு மாட்டிக்கொண்டு ஒரு பெண் பத்து வருஷமாக நிற்பாள். பூதம் திரும்பிப் பார்க்காது.

நான் வேகமாக எழுதிக்கொண்டே, பூதம் சண்டை கிண்டை போடுமா என்று கேட்டேன்.

"அது எங்க போடும்? மேலேருந்து ஒரு பல்லி விழுந்துச்சு. ஓடிப்போய்க் கட்டில் மேல ஏறி நின்னுக்குச்சு."

"கடைசியில?"

"கடைசியில ஒன்னுமில்லிங்க. அது அப்படியே ஒக்காந்திருக்கும். நாமதான் எழுந்து வந்துரணும்."

ஞாயிறு மத்தியானம் விமர்சனத்தைப் போட்டேன். என் வாழ்நாளில் அப்படி எழுதியதில்லை. பூதத்தைக் கிழித்துத் தோரணம் கட்டினேன். 'இப்படி ஒரு சோம்பேறிப் பூதம் உலகத்தில் இருக்க முடியுமா? பல்லிக்குப் பயப்படும் பூதத்தைப் பார்த்து நாம் எப்படிப் பயப்படுவது? அந்தப் பெண் ஏன் பத்து வருஷம் பொறுமையாக நிற்கிறாள் என்பதற்குக் கதையில் காரணமே இல்லை' என்று போட்டுத் தாக்கினேன்.

பத்து நிமிஷத்தில் பதில்கள் வர ஆரம்பித்தன. முதலில் வந்தவர் தங்கராசு. விசுவாசமான மனுஷன். "அண்ணன் சொன்ன பூதம் நான் போனப்ப வரல. வேற ஷோவா இருக்கும்" என்று எழுதினார். அடுத்து வந்த ஒருவர், பூதம் கைலியா கட்டியிருந்தது, நெருப்புச் சட்டை அல்லவா போட்டிருந்தது என்று கேட்டார். மூன்றாமவர், தாம் பார்த்தபோது பூதம் ஒரு மலையைப் பெயர்த்து வண்டி மேல் போட்டதாகவும், காபி எதுவும் கேட்கவில்லை என்றும் சொன்னார். ஒரு பெண்மணி, இது சவாரி இல்லை, எங்கள் வீட்டு ஹால் என்று எழுதினார். அதற்கு ஐம்பது பெண்கள் வந்து எங்கள் வீட்டிலும் என்றார்கள். பேரவையில் அத்தனை பெண்கள் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

கடைசியாக சித்தார்த் வந்தான். "அண்ணே, உங்க போட்டோவைப் பெருசு பண்ணிப் பாத்தேன். கழுத்துல கயித்தோட கண்ணாடி. தொப்பை. பூதத்தைக் கண்டுபுடிச்சிட்டேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. குனிந்து பார்த்தேன். கைலி கட்டியிருந்தேன்.

சமையல்கட்டுக்குப் போனேன். மேரி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நீ அதுல ஏறுனியா, இல்லியா?"

"இல்லிங்க. வாசல் வரைக்கும் போனேன். அப்புறம் நானும் ஜோதி மேரியும் அலை வர்ற குளத்துல நாலு மணி நேரம் கெடந்தோம்."

"ஏன் ஏறல?"

அவள் கீரையை முறத்தில் வைத்தாள். "உங்ககூட வரணும்னு நெனச்ச எடம் அது. ஜோதி மேரிகூட ஏறுறதுக்கா நான் பத்து வருசமா கேட்டேன்?"

முறத்திலிருந்து ஒரு கொத்தை எடுத்து நானும் ஆய்ந்தேன். திட்டியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

பேரவையில் அதற்குள் வேறு தீர்மானம் நிறைவேறியிருந்தது. அடுத்த ஞாயிறு தலைவர் எல்லோர் முன்னாலும் பாதாளப் பயணம் ஏற வேண்டும், இல்லாவிட்டால் பேரவை கலைக்கப்படும். மேரியிடம் சொன்னேன். கட்டு சாப்பாட்டு இட்லிக்கு அரிசியை அவள் அப்போதே அளந்து வைத்துவிட்டாள்.

கொண்டாட்டபுரி வாசலில் தங்கராசு ஒரு பை வறுத்த முந்திரியோடு நின்றார். சித்தார்த் நான்கு நண்பர்களோடு வந்திருந்தான். எல்லோரும் முதலில் மேரிக்குத்தான் வணக்கம் சொன்னார்கள். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றோம். கடைசி வளைவில், எனக்கு நெஞ்சு படபடக்கிறது, நான் வெளியே நிற்கிறேன் என்று மேரி காதில் சொன்னேன்.

"என் கையைப் புடிச்சிக்கிங்க" என்றாள்.

வண்டி கிளம்பியது. முதல் திரையிலேயே தரை பிளந்தது. நாங்கள் ஓர் அடிகூட நகரவில்லை என்று புத்திக்குத் தெரியும். வயிற்றுக்குத் தெரியவில்லை. பூதம் மலையைத் தூக்கி எறிந்தது. வண்டி சுழன்றது. எங்கிருந்தோ முகத்தில் தண்ணீர் அடித்தது. பூதத்தின் கை திரையை விட்டு வெளியே வந்து என் மூக்கைத் தேடியது. நான் மாதா பிரார்த்தனையை நடுவிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். எப்போது மேரியின் மடியில் ஏறினேன் என்று தெரியாது. பெல்ட்டைத் தாண்டி எப்படி ஏறினேன் என்பது பூங்காக்காரர்களுக்கே புரியவில்லை.

மேரி என் மூக்கிலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றினாள். பூதம் இரண்டாகக் கலங்கி, வெறும் பச்சையும் சிவப்புமான புகையாகிவிட்டது. அந்த வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வர. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. மிச்ச இரண்டு நிமிஷமும் திரையை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்தேன். அவ்வளவாகத் தலை சுற்றவில்லை.

இறங்கியதும் அவள் இன்னொரு தடவை போகலாமா என்றாள். என்னால் நிற்கவே முடியவில்லை. தங்கராசும் சித்தார்த்தும் அவளோடு போனார்கள். நான் எல்லோருடைய பைகளையும் வைத்துக்கொண்டு மரத்தடியில் கோலி சோடா குடித்தேன். அவர்கள் மூன்றாம் தடவையும் போனார்கள். திரும்பும்போது தங்கராசு திரைக் கட்சிக்கு மாறியிருந்தார்.

மறுநாள் மேரி விமர்சனம் எழுதினாள். சிதம்பரம் ஹாஸ்டலில் இருக்கும் எங்கள் மகள் போனிலேயே சொல்லிக்கொடுத்து அம்மாவுக்கு ஆர்க்குட்டில் கணக்கு ஆரம்பித்துவிட்டாள். மேரி கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். மொத்தமே நாலு வரி. 'தகரப் பேய் நம்மைப் பார்க்காமல் சுவரைப் பார்க்குமாம். திரைப் பேய் நேராக நம்மைத்தான் பார்க்கும். இரண்டும் நல்லதுதான். பக்கத்து சீட்டில் யார் என்பதுதான் முக்கியம்.' என் பதினாலு பத்திக்கு வராத பாராட்டு அந்த நாலு வரிக்கு வந்தது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்படியானால் தலைவர் பதவியையும் அவளிடமே கொடுக்கிறேன் என்று எழுதி, கொடுத்தும்விட்டு, பேரவையை விட்டு வெளியேறினேன். கெஞ்சிக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். 'நன்றி அண்ணே' என்று சித்தார்த் எழுதினான்.

ஒரு வாரம் தாங்கினேன். பிறகு சாதாரண உறுப்பினராகச் சேர விண்ணப்பம் போட்டேன். ஆறு வாரமாகத் தலைவியின் அனுமதிக்குக் காத்திருப்பதாகவே காட்டுகிறது. நேற்று மத்தியானம் சாப்பாடு போடும்போது நேரிலேயே கேட்டேன்.

எனக்கு முன்னால் இன்னும் ஒன்பது பேர் இருக்கிறார்களாம்.