லூன் வந்த கல்யாணம்

புதிதாகப் பறவைப் படம் எடுக்கக் கிளம்பியவர் என்றோர் இனம் உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பனி உருகியதும் ஏரிக்கரைதோறும் முளைக்கும். அடையாளம் காண்பது சுலபம். பறவை கண்ணில் தான் படக்கூடாது என்று இலை தழை அச்சடித்த சட்டையும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, கை நீளத்துக்கு ஒரு லென்ஸைச் சுமந்துகொண்டு, முட்டி போட்டு, மூச்சைப் பிடித்து, குறி பார்த்துப் பொத்தானை அழுத்துவார். பறவை அதற்கு ஒரு நொடி முன்னால் போயிருக்கும். கிளை மட்டும் அற்புதமாக விழுந்திருக்கும். விடுவாரா? வீட்டுக்கு வந்து அந்தக் கிளையைப் பெரிதாக்கி, "இங்கதான் இருந்துச்சு" என்று விரலை வைத்துக் காட்டுவார். நாம் "ஆமாமா, இருந்திருக்கும்" என்று ஒத்துக்கொள்ளும்வரை அந்த விரல் நகராது.

கொதிகலன் பழுது பார்த்து ஓய்வு பெற்ற வெர்லின் ஹாகன், இந்த இனத்தில் சேர்ந்து ஒரு வசந்தம்தான் ஆகியிருந்தது. அதற்குள் வீட்டிலும் கிசுகிசுவென்றே பேசப் பழகிவிட்டார்.

"உப்பு வேணும்னா சத்தமாக் கேளுய்யா. நான் ஒண்ணும் பறந்துட மாட்டேன்," என்றார் மனைவி மார்லிஸ்.

ஜூன் கடைசியில் மார்லிஸின் அக்கா ஆர்டிஸின் மகள் அனிக்காவுக்கு ஏரிக்கரையில் கல்யாணம். அன்று காலை பார்த்து போட்டோகிராபர், காய்ச்சல் என்று கையை விரித்துவிட்டார். எல்லார் கண்ணும் வெர்லினின் லென்ஸ் மேல் விழுந்தது.

"சித்தப்பா, நீங்களே எடுத்துருங்க," என்றாள் அனிக்கா.

"பறக்கற குருவியையே பிடிக்கிறவரு, நிக்கிற எங்களப் பிடிக்க மாட்டாரா?" என்றான் மாப்பிள்ளை சோரன்.

இதுவரை ஒரு குருவியும் சிக்கியதில்லை என்று சொல்ல வெர்லினுக்கு வாய் வருமா? தலையாட்டினார்.

சிக்கல் உடனே வந்தது. தூரத்துப் பறவைக்கென்று வாங்கிய லென்ஸ். பக்கத்தில் நின்றால் மாப்பிள்ளையின் மூக்கு மட்டும் விழுந்தது. பின்னால் போனார், காது சேர்ந்தது. நாற்காலி வரிசையைத் தாண்டி, விருந்துக்கு வைத்திருந்த உருளைக்கிழங்கு சாலட்டைத் தாண்டி, நாணல் ஓரம் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றபோதுதான் ஜோடி முழுசாக அடங்கியது.

பாதிரியார் "காலமெல்லாம்..." என்று ஆரம்பித்தார். வெர்லினுக்குப் பின்னால் தண்ணீர் களுக்கென்றது.

லூன்! சிவப்புக் கண், முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி. வசந்தம் முழுக்க அவர் தலை தெரிந்தாலே முங்கிப்போன நீர்ப்பறவை, இன்று முங்கவில்லை. அதன் முதுகில் பஞ்சு உருண்டையாக ஒரு குஞ்சு சவாரி செய்துகொண்டிருந்தது.

நீங்களே சொல்லுங்கள், மனிதர் என்ன செய்வார்? லென்ஸைத் திருப்பினார். கைதட்டல் கேட்டபோதுதான் பூமிக்கு வந்தார்.

முதலில் வந்தவர் ஆர்டிஸ். "முத்தம் குடுத்தாங்களே, விழுந்துச்சா?"

"குஞ்சு..."

"எந்தக் குஞ்சு?"

"முதுகு மேல, ஆர்டிஸ். முதுகு மேல உக்காந்து போகுது!"

மார்லிஸ் முகத்தைப் பொத்திக்கொண்டார். "எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு, வெர்லின்!" என்ற ஆர்டிஸின் குரல் உடைந்தது. மணப்பெண்ணே கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். வெர்லின் கேமராவைக் கீழே இறக்கினார்.

"மன்னிச்சிரும்மா. உன் கல்யாணத்தக் கெடுத்துட்டேன்."

"அத விடுங்க சித்தப்பா! இன்னும் இருக்கா? எங்க?"

அவர் கை காட்டினார். அவ்வளவுதான். கல்யாணக் கூட்டம் மொத்தமும் நாணலுக்குள் இறங்கியது. பாதிரியார் பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனை நீட்டினார். "தள்ளுங்க, மறைக்குது," என்று பட்டுப் பாவாடையோடு சேற்றில் முட்டி போட்டது யார் என்கிறீர்கள்? ஆர்டிஸ்தான். மார்லிஸ் கேமராவை வாங்கிப் பார்த்தார்.

"யோவ், குஞ்சோட கண்ணுகூடத் தெரியுதுய்யா!"

வெர்லின் மூக்கை உறிஞ்சினார்.

"முத்தந்தானே, இன்னொண்ணு குடுத்தாப் போச்சு," என்று சோரன் அனிக்காவை இழுத்துக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே நிதானமாகக் கொடுத்தான். முதல் முத்தத்தைவிட நீளம். ஒருவரும் எடுக்கவில்லை. அத்தனை பேரும் ஏரியைப் பார்த்துத் திரும்பியிருந்தார்கள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நாளைக் காலை உங்கள் சன்னல் கம்பியில் ஒரு மீன்கொத்தி வந்து உட்காரும். அடுப்பில் பால் இருக்கும். நீங்கள் பூனை நடை நடந்து போனை எடுக்கப் போவீர்கள். பாலை யார் பார்த்துக்கொள்வது என்று இப்போதே வீட்டில் பேசி வையுங்கள்.