ஏழாம் மாதத்துக்கு ஒரு கோட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு ஒரு சபதம் எடுத்தேன். வெள்ளிக்கிழமைக்குள் என் மனைவிக்கு ஒரு கறுப்புக் கோட்டு. உடம்புக்குப் பொருந்த வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது. அதுவரை ஓய மாட்டேன்.

சபதம் எடுப்பது எனக்குப் புதிதல்ல. முடிப்பதுதான் பழக்கமில்லை. ஆனால் இந்த முறை விஷயம் பெரியது.

என் மனைவி குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். ஏழு வருஷமாகக் குப்பியும் கையுமாக நிற்கிறாள். கூடத்தின் தலைவர் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நேர்காணல். நான்கு இயக்குநர்கள் கேள்வி கேட்பார்கள். கடிதத்தின் அடியில் ஒரு வரி: "அலுவல் உடையில் வரவும்."

அங்கேதான் சிக்கல். தினமும் வெள்ளை மேலங்கி மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவளுக்கு அலுவல் உடை எதற்கு? ஒரே ஒரு பழைய கோட்டு உண்டு. அதை ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தூரத்திலிருந்து நலம் விசாரித்துக்கொண்டன. பித்தான் போட வழியே இல்லை. இது ஏழாம் மாதம்.

"நாலு பேரும் என் மூஞ்சியப் பாக்கணும்ங்க. வயித்தப் பாத்தா 'ரெண்டு மாசத்துல லீவுல போறவதானே'ன்னு நினைச்சிருவாங்க" என்றாள். குரல் லேசாக நடுங்கியது.

அந்த நடுக்கம் போதும் எனக்கு. பயப்படுவதில் நான் கைதேர்ந்தவன். அவளுக்குத் துணையாக இருக்கத்தான் வெள்ளிவரை விடுப்பு எடுத்திருந்தேன். அவளும் படிப்பதற்காக விடுப்பில் இருந்தாள்.

"நீ படி. கோட்டு என் பொறுப்பு" என்றேன்.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

"சிரமமா? நான் யாரு?"

நான் சர்வேயர். நிலத்தை அளப்பவன். உடனே நாடாவை எடுத்தேன்.

"என்ன பண்றீங்க?"

"சுத்தளவு."

"நான் என்ன மனையா? அளந்து முடிச்சு எல்லைக்கல் நட்டுருவீங்களா?"

"அசையாத. ரெண்டு தடவ எடுக்கணும். வித்தியாசம் வந்தா சராசரி."

"வரத்தான் செய்யும். உள்ளேர்ந்து ஒரு ஆள் நாடாவ உதைக்குது."

உண்மைதான். முதல் அளவுக்கும் இரண்டாவது அளவுக்கும் முக்கால் அங்குலம் வித்தியாசம். எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு நிமிஷத்தில் முக்கால் அங்குலம் வளர்ந்தால் வெள்ளிக்கிழமை என்ன ஆகும்?

"நீங்க மூச்சு விடுங்க, நானும் விட்டுக்கறேன்" என்றாள் அவள்.

திங்கட்கிழமை காலை கிளம்புவதற்குள் நான்கு முறை திரும்பி வந்தேன். தண்ணீர் குடித்தாளா என்று பார்க்க ஒருமுறை. குளியலறைத் தரை ஈரமா என்று தடவிப் பார்க்க ஒருமுறை. குழந்தை அசைந்தால் குறித்துவைக்க ஒரு நோட்டுக் கொடுக்க ஒருமுறை. நான்காவது முறை எதற்கு வந்தேன் என்று மறந்துவிட்டது. சும்மா நின்றேன்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. வலிக்குதா?"

"எது?"

"பொதுவா."

"கடை சாத்திரப் போறாங்க, போயிட்டு வாங்க."

"மணி ஒன்பதரைதானே ஆச்சு?"

"கூட்டம் வந்துரும்ல!"

படியில் பக்கத்து வீட்டு அக்கா ஏறி வந்துகொண்டிருந்தார். பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு கோப்பு. மூக்கின் நுனியில் கண்ணாடி.

"எங்க தம்பி, வெளியவா?"

"ஆமாக்கா. கோட்டு வாங்க."

"நல்லா நிதானமாப் பாத்து வாங்குங்க. அவசரமே வேணாம்."

எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் கடை, கர்ப்பிணிகளுக்கான ஆயத்த ஆடைக் கடை. உள்ளே போனதும் குளிர்ந்த காற்று. விலைச்சீட்டைப் பார்த்ததும் அது ஜன்னியாக மாறியது. ஒரு கோட்டின் விலையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாத வாடகை கொடுக்கலாம்.

விற்பனைப் பெண் கேட்டாள்: "எத்தனை மாசம் சார்?"

"ஏழு."

"அப்ப இது கரெக்டா ரெண்டு மாசத்துக்கு வரும் சார்."

இரண்டு மாத வாடகை கொடுத்தால் இரண்டு மாதம் வீட்டுக்குள் குடியிருக்கலாம். ஒரு கோட்டுக்குள் மூன்று பேர் எப்படிக் குடியிருப்பது? வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டேன்.

"குழந்த அசையுதா?"

"அசையுது. நீங்க அசையாம அங்கயே இருந்து நல்லாத் தேடுங்க."

செவ்வாய்க்கிழமை, கோட்டு வாடகைக்கு விடும் கடை. உரிமையாளர் நோட்டைத் திறந்தார்.

"மாப்பிள்ளைக்கா சார்?"

"இல்ல, பொண்ணுக்கு."

"கல்யாணம் எப்போ?"

"அது ஆகி மூணு வருஷம் ஆச்சு. இப்ப ஏழாம் மாசம்."

அவர் நோட்டை மூடிவிட்டார். அவரிடம் இருந்ததெல்லாம் தங்க ஜரிகை வைத்த மாப்பிள்ளைக் கோட்டுகள். நேர்காணலுக்கு அதைப் போட்டுக்கொண்டு போனால் இயக்குநர்கள் எழுந்து அட்சதை தேடுவார்கள்.

வாடிய முகத்தோடு மூன்று மணிக்கு வீடு திரும்பினேன். உள்ளே பேச்சுக் குரல். நான் செருப்பைக் கழற்றியதும் சட்டென்று அடங்கியது. பக்கத்து வீட்டு அக்கா கோப்பை அணைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன தம்பி, இவ்வளவு சீக்கிரம்?"

அவர் போனதும் மனைவியிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசினேன். "நாள் முழுக்க அந்த அக்காவோட வம்பளந்தா எப்பப் படிப்ப? வெள்ளிக்கிழமைக்கு மூணு நாள்தான் இருக்கு."

"தப்புதாங்க" என்று தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து, கேட்காமல் விட்டுவிட்டேன்.

அன்று மாலை அவள் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் உதைகளை எண்ணினேன். அவள் ஒரு பக்கம் புரட்டுவதற்குள் மூன்று முறை "இப்ப?" என்று கேட்டேன். அவள் புத்தகத்தை மூடினாள்.

"என்னங்க, தையல்காரர்கிட்ட கேட்டுப் பாத்தீங்களா?"

ஏன் எனக்கு இது தோன்றவில்லை! புதன்கிழமை விடிந்ததும் கிளம்பிவிட்டேன்.

தையல்காரர் வாயில் குண்டூசிகளோடு பேசும் வித்தை தெரிந்தவர். "ஆளக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

"வர முடியாதுங்க. படிக்கிறா."

"பழைய கோட்டு ஏதாவது?"

"அது பத்தலன்னுதானே வந்திருக்கேன்."

"அளவாவது இருக்கா?"

பெருமையோடு என் தாளை விரித்தேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து வரைந்தது. சுற்றளவு, உயரம், வளைவு எல்லாம் பத்துக்கு ஒன்று அளவில். தையல்காரர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"இது என்ன சார்?"

"வயிறு."

"மேல ஒரு அம்பு போட்டிருக்கே?"

"அது வடக்கு."

அவர் ஒரு குண்டூசியை வாயிலிருந்து எடுத்தார். "அப்ப அம்மா நேர்காணல்ல எந்தப் பக்கம் பாத்து உக்காரணும்?"

பழக்கதோஷம். வடக்கு போடாமல் நான் எதையும் வரைந்ததில்லை. அவர் தாளை மடித்து என் பையிலேயே வைத்துவிட்டு, "தாளுக்கெல்லாம் தைக்க வராது சார். உடம்பு வேணும்" என்றார்.

என்னிடம் ஒரு உடம்பு இருந்தது. அதைக் கொடுத்தேன்.

வெட்டுத்துணியை மூட்டையாகக் கட்டி என் வயிற்றில் வைத்தார்கள். நாடா வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வேணாம் சார், உங்களுக்கு ரெண்டு கைப்பிடியே போதும்" என்று பாதி மூட்டையை உருவிவிட்டார் தையல்காரர். அந்த அவமானத்தை என் மகன் அல்லது மகளுக்காகப் பொறுத்துக்கொண்டேன். ரவிக்கை வாங்க வந்த ஒரு அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "உக்காருப்பா, ரொம்ப நேரம் நிக்கக் கூடாது" என்று முக்காலியை நகர்த்தினார்.

அப்படியே நின்றபடி வீட்டுக்குப் போன் போட்டேன்.

"எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன். நீங்க?"

"எனக்கு இடுப்பு வலிக்குது."

மறுமுனையில் இரண்டு பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. தொலைபேசிக் கோளாறு என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை மாலை தருவதாகச் சொன்ன கோட்டு, வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குத்தான் தயாரானது. அந்த ஏழரைவரை நான் பட்ட பாடு எனக்கும் தையல்காரரின் கதவுக்கும்தான் தெரியும். ஆறு மணியிலிருந்து தட்டினேன். ஒன்பதுக்கு அவள் கிளம்ப வேண்டும். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஓடினேன். ஓடும்போதுதான் மண்டையில் உறைத்தது. வயிறு அவளுடையது. சரி. தோள்? கை நீளம்? கழுத்து?

எல்லாம் என்னுடையது.

நடுத்தெருவில் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். வயிறு அவள் அளவு, மற்றதெல்லாம் என் அளவு. அப்படி ஒரு பிராணி உலகத்தில் கிடையாது. ஏழு வருஷம் குப்பியும் கையுமாக நின்றவள். அவளுடைய நாற்காலியை என் தோள் பறித்துவிட்டது. என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்தபடியே படியேறினேன்.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பக்கத்து வீட்டு அக்காவின் குரல், வகுப்பறைக் கண்டிப்போடு: "ஒரே தண்ணிக்கு ரெண்டு முடிவு வேற வேறயா வந்தா என்ன செய்வீங்க?"

என் மனைவியின் குரல், நடுக்கமே இல்லாமல்: "ரெண்டையும் நம்ப மாட்டேன். தண்ணி எடுத்த இடத்துக்கு நானே போய் மறுபடி எடுப்பேன்."

"நல்லது. எழுபத்தி ரெண்டாவது கேள்வி."

கதவைத் தள்ளினேன். என் மனைவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கறுப்புக் கோட்டு, கறுப்பு பேன்ட். தோளில் ஒரு சுருக்கம் இல்லை. வயிற்றுப் பக்கம் அழகாக வளைந்து கொடுத்திருந்தது. பார்த்தால் முகம்தான் தெரிந்தது.

"இது... இது ஏது?"

"ஆபீஸ்ல எங்க பொம்பளைங்களோட கோட்டுங்க. ஆறு வருஷம் முன்னாடி எல்லாரும் சேந்து ஒண்ணு வாங்கினாங்க. யாரு மாசமா இருக்காங்களோ அவங்ககிட்ட போகும். பக்கவாட்டுல இலாஸ்டிக். திருப்பிக் குடுக்கும்போது காலருக்குள்ள ஒரு கலர் நூல் முடிச்சுப் போட்டுக் குடுக்கணும், அவ்வளவுதான்."

காலரைத் திருப்பிக் காட்டினாள். நான்கு முடிச்சுகள்.

"உன் கைக்கு எப்ப வந்துச்சு?"

"போன புதன்கிழமை. அக்கா வீட்லதான் தேச்சு மாட்டி வச்சிருந்தோம்."

போன புதன்கிழமை! என் சபதத்துக்கு நான்கு நாள் முன்பு!

"அப்ப அந்தப் பழைய கோட்டப் போட்டுக் காட்டினது? என்னை நாலு நாளா தெருத்தெருவா அலைய விட்டது?"

அவள் எழுந்து வந்து என் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். "நீங்க வீட்ல இருந்தா பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா வலிக்குதான்னு கேப்பீங்க. நானும் பயந்துட்டுத்தாங்க இருந்தேன். ரெண்டு பேரோட பயமும் ஒண்ணா இருக்க இந்த வீட்ல இடம் பத்தல. அதான் உங்க பயத்த மட்டும் கொஞ்சம் வெளிய அனுப்பி வச்சேன்."

"எழுபத்தி ரெண்டாவது கேள்வி பாக்கி இருக்கு" என்றார் அக்கா.

நான் தைத்த கோட்டு? "நீங்க போட்டுக்குங்க. வெளிய காத்திருக்கும்போது மரியாதையா இருக்கும்" என்றாள். போட்டுக்கொண்டேன். அலுவலக வாசலில் காவலாளி எழுந்து எனக்கு சலாம் வைத்தான். அந்த வயிற்றைப் பார்த்து இயக்குநர் என்று நினைத்திருக்க வேண்டும்.

நீள பெஞ்சில் ஒரு மணி பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் வலிக்குதா என்று கேட்க வழியில்லை. என்னையே கேட்டுக்கொண்டேன். வலித்தது.

அவள் வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. படியிறங்கி, பக்கத்தில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்ட பிறகுதான் சொன்னாள்.

"ஒருத்தர் கேட்டாருங்க, ரெண்டு மாசத்துல நீங்க லீவுல போயிட்டா கூடம் என்ன ஆகும்னு."

"ஐயையோ. நீ என்ன சொன்ன?"

"நான் இல்லாத நாள்லயும் தண்ணி சுத்தமாத்தான் இருக்கும், அப்படித்தான் எல்லாரையும் பழக்கி வச்சிருக்கேன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, திங்கட்கிழமை பொறுப்பு எடுத்துக்கச் சொல்லிட்டாங்க."

அந்தப் பெரிய கோட்டின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கை நீளம் மிகச் சரியாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதம் பரப்பினாள். பொறுப்பு எடுப்பதற்குள் படிக்க வேண்டியவையாம். நான் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, நோட்டைத் திறந்து உட்கார்ந்தேன்.

"அசையுதா?"

அவள் பேனாவை வைத்துவிட்டு என்னை அன்போடு பார்த்தாள். "என்னங்க, தொட்டில் ஒண்ணு வேணுமே. உறுதியா இருக்கணும், விலையும் கட்டுப்படியாகணும். நீள அகலமெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்?"

நெஞ்சு விம்மியது. நேற்று நடந்ததற்கு என்னைச் சமாதானப்படுத்துகிறாள் என்று புரிந்தது. நாடாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இரண்டு கடையில் தொட்டில்களைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தேன். மூன்றாவது கடைப் படியில் கால் வைத்தபோது ஏதோ உறுத்தியது. மனைவிக்குப் போடாமல் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, மறைக்காமச் சொல்லுங்க. தொட்டில் எங்க இருக்கு?"

"எங்க வீட்டு மாடி அறையிலதான் தம்பி, ரெண்டு நாளா" என்றார் அக்கா. "ஆனா நீங்க ஆறு மணி வரைக்கும் தேடணுமாம்."