வட்டறோட்டில் முப்பது சுற்று

கலியாணம் முடித்து இருபத்தெட்டு வருஷமாக இக்னேசியஸ் தன் வீட்டில் ஒரு சட்டமும் போட்டதில்லை. போட்டால் நிறைவேறாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட மனிதர் 1974ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள் காலை, குசினி வாசலில் நின்று பாண் துண்டைக் கடித்தபடியே சட்டம் போட்டார்.

"இண்டையிலயிருந்து வட்டறோட்டில ஒருத்தரும் ஒண்டும் காயப்போடக் கூடாது. நெல்லுக் கூடாது. கருவாடு கூடாது. உடுப்புக் கூடாது. மாடு படுக்கக் கூடாது."

"மாட்டுக்கு நீங்களே சொல்லிப்போடுங்கோ," என்றாள் அவருடைய மனைவி திரேசம்மா. "நான் சொன்னால் கேளாது."

வட்டறோட்டு என்பது எந்த ஊருக்கும் போகாத றோட்டு. இரண்டாம் உலக யுத்த காலத்தில் வெள்ளைக்காரக் கடற்படையினர் சீனன்குடாப் பக்கத்துப் பற்றைக்காட்டை வெட்டிப் போட்டது. அரை மைல் ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் துரைமார் அதில் மோட்டார் சைக்கிள் பந்தயம் பிடிப்பார்கள். ஐம்பத்தேழில் கப்பலேறியபோது பூனை நாயைக்கூட ஏற்றிக்கொண்டு போனார்கள். றோட்டைச் சுருட்ட முடியவில்லை, விட்டுவிட்டுப் போனார்கள். சுற்றிவர வெறும் கடல்மணல். மணலில் தானியத்தைக் கொட்டினால் பாதி மணலுக்குத்தான். ஆகவே அயலிலுள்ள பெண்களுக்கெல்லாம் அந்தத் தார்தான் களமாகிவிட்டது.

இக்னேசியஸ் அந்தக் காலத்தில் கடற்படை வேர்க்சொப்பில் பிற்றர். பந்தய நாட்களில் அவரை, றோட்டு மூன்றாம் தடவை வளையும் மூன்றாம் முடக்கில் மணல் வாளியோடு நிறுத்திவிடுவார்கள். எங்காவது தீப்பிடித்தால் ஓடிப்போய்க் கொட்ட வேண்டும். பதினொரு வருஷம் நின்றார், ஒரு தீயும் பிடிக்கவில்லை. ஒரேயொரு சுற்று ஓடிப் பார்க்கலாமா என்று ஒருநாள் ஒரு துரையிடம் கேட்டார். துரை சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னமும் இக்னேசியஸின் நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடக்கிறது. அவர்கள் போகும்போது விற்ற மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, பதினேழு வருஷமாக எண்ணெய் பூசி வைத்திருக்கிறார்.

இப்போது அவருக்கு ஒரு காலம் வந்திருந்தது. நிலாவெளிப் பக்கம் ஹொட்டல்கள் எழும்பி, வெள்ளைக்காரர் உல்லாசப் பயணமாக வரத் தொடங்கியிருந்தார்கள். வட்டறோட்டைச் சுற்றி வேலி அடைத்து, வாசலில் ரிக்கற் கொட்டிலும், உள்ளே கதிரைகளும், சோடா விற்க ஒரு மூலையும் வைத்து, கிழமைக்கு ஒரு பந்தயம் காட்டினால் என்ன? கொழும்பு உல்லாசப் பயணக் கந்தோருக்கு எழுதினார். பதிலும் வந்தது. சனிக்கிழமை ஓர் உத்தியோகத்தர் நேரில் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்தால் வட்டறோட்டு இக்னேசியஸின் பொறுப்புக்கு வரும்.

"வெள்ளைக்காரர் இஞ்சை ஏன் வருவினம்?" என்று கேட்டாள் திரேசம்மா.

"நிலாவெளியில அவையளுக்கு என்ன வேலை? குளிக்கிறது, வெயிலில காயிறது. காய்ஞ்சு முடிய ஏதேனும் பார்க்க வேணுமெல்லோ?"

"அவையள் வெயிலில காயலாம். என்ர உழுந்து காயக்கூடாதோ?"

அதுதான் விஷயம். திரேசம்மாவுக்குக் கட்டைபறிச்சானில் கொஞ்சம் சீதனக் காணி. அந்த வருஷம் அங்கே உழுந்து அமோகம். அரசாங்கம் பருப்பு இறக்குமதியை நிறுத்தி, கடைகளில் பருப்பைக் கண்ணால் காண முடியாதிருந்த காலம். உழுந்து வைத்திருந்தவள் ராசாத்தி. ஆனால் வழக்கமாக அதைச் சக்கரத்தால் மிதித்து மணி பிரித்துக் கொடுக்கும் முனாப்பின் உழவு மெசின் உதிரிப்பாகம் வராமல் ஒரு மாதமாகக் கொட்டிலில் கிடந்தது. கடல் பக்கம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு மழை பெய்தால் நெற்று முழுவதும் முளைத்துவிடும்.

"ரண்டு நாளைக்குத் தாங்கோ. வெள்ளிக்கிழமை கூட்டி அள்ளிப்போடுவன்."

"ஏலாது. இது சரித்திரம். சரித்திரத்தில உழுந்து காயப்போட ஏலாது."

"ஓம்," என்றாள் திரேசம்மா.

அந்த 'ஓம்' கேட்டதும் இக்னேசியஸ் பயந்திருக்க வேண்டும். அவள் 'இல்லை' என்று சொன்ன நாட்களில் ஒரு பேச்சோடு தப்பியிருக்கிறார். 'ஓம்' என்று சொன்ன நாட்களில் தப்பியதே இல்லை. ஆனால் அன்று மனிதருக்குத் தலைகால் தெரியவில்லை.

அன்று பின்னேரம் தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"இஞ்சருங்கோ, அந்தக் காலத்தில றேஸ் எப்பிடி நடந்தது?"

இருபத்தெட்டு வருஷத்தில் அவள் கேட்காத கேள்வி. இக்னேசியஸுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"நாலு முடக்கு. ஒவ்வொரு முடக்கிலயும் வைக்கல் கட்டு வைப்பாங்கள். விழுகிறவனுக்கு எலும்பு முறியாமல். வைக்கல் இல்லாட்டில் றேஸ் இல்லை."

"உங்களிட்ட வைக்கல் இருக்கோ?"

இக்னேசியஸ் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். கொடியைப் பற்றி யோசித்திருந்தார். விசிலைப் பற்றி யோசித்திருந்தார். வைக்கலைப் பற்றி யோசிக்கவில்லை.

"யோசியாதேங்கோ. கட்டைபறிச்சானிலயிருந்து வள்ளத்தில எடுப்பிச்சுத் தாறன்."

"நீரோ?"

"ஏன், எனக்குச் சரித்திரத்தில அக்கறை இருக்கக் கூடாதோ? எத்தினை சுத்து ஓடுறியள்?"

"பத்து."

"கொழும்பிலயிருந்து அவ்வளவு தூரம் காறில வாற மனிசனுக்குப் பத்துச் சுத்தோ காட்டுறது? முப்பது வையுங்கோ. எத்தினை மணிக்கு?"

"காலமை ஒன்பதுக்கு."

"பன்னிரண்டுக்கு வையுங்கோ. வெயில் நல்லாய் ஏறட்டும். போட்டோ துலக்கமாய் விழும்."

"உம்மட உழுந்து?"

"அதை நான் பார்த்துக்கொள்ளுறன். நீங்கள் சரித்திரத்தைப் பாருங்கோ."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இக்னேசியஸ் அன்று இராச்சாப்பாடு வரைக்கும் வாய் ஓயவில்லை.

சனிக்கிழமை விடிய வட்டறோட்டுக்குப் போன இக்னேசியஸ் திகைத்து நின்றார். வைக்கல் வந்திருந்தது. தாராளமாக வந்திருந்தது. ஆனால் கட்டுக்கட்டாக ஓரத்தில் இல்லை. நாலு முடக்கிலும் றோட்டை மறைத்து, கரைக்குக் கரை பரப்பியிருந்தது. அடுத்த வீட்டுத் தங்கரத்தினமும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் அதைத் தடியால் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

"திரேசம்மா, இதை ஓரத்திலயெல்லோ வைக்கிறது."

"நடுவில விழுந்தால்?"

"ஓரத்திலதான் விழுவினம்."

"விழுகிறவன் ஓரம் பார்த்தோ விழுவான்?"

இக்னேசியஸ் யோசித்துப் பார்த்தார். வெள்ளைக்காரனுக்கே தோன்றாத யோசனை என்று பட்டது. குனிந்து ஒரு பிடி எடுத்தும் பார்த்தார். காய்ந்திருந்தது, சரசரத்தது, வயலிலிருந்து வந்திருந்தது. அவருக்கு அது போதும். கும்மிருட்டில் ஒரு நட்டைத் தடவி அளவு சொல்லக்கூடியவர் அவர். வயலிலிருந்து வரும் பொருளெல்லாம் அவருக்குப் பட்டப்பகலிலும் வைக்கல்தான்.

உத்தியோகத்தர் லெஸ்லி பதினொன்றரைக்குப் பெரிய கறுத்த காறில் வந்து இறங்கினார். கழுத்தில் கமெரா, கையில் குறிப்புப் புத்தகம். மரநிழலில் கதிரை போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். முடக்குகளில் பெண்கள் ஆளுக்கொரு சுளகோடு இருந்தார்கள்.

"சுளகு என்னத்துக்கு?" என்று இக்னேசியஸ் காதோடு கேட்டார்.

"வெயிலுக்குப் பிடிக்க," என்றாள் திரேசம்மா.

ஓட்டக்காரர் மூன்று பேர். பஸ் நிலையத்தடியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் ஸுஹைர், தபால் கந்தோர் பற்றிக், ஐம்பத்தாறு வயது இக்னேசியஸ். திரேசம்மாவே கொடியை வீசினாள்.

முதலாம் சுற்றில் இக்னேசியஸுக்குக் கண் கலங்கிவிட்டது. வாளியோடு நின்ற அந்த மூன்றாம் முடக்கை, வாளி இல்லாமல், காற்று முகத்தில் அடிக்கக் கடந்தபோது அவருக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. டயருக்குக் கீழே வைக்கல் படபடவென்று பொரிந்தது. யாரோ கைதட்டுவது போலவே இருந்தது. தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டார்.

ஐந்து சுற்றுக்கு ஒருமுறை பெண்கள் ஓடிவந்து வைக்கலைப் பிரட்டிப்போட்டார்கள். என்ன ஒழுங்கு, என்ன அக்கறை என்று இக்னேசியஸ் உருகிப்போனார். பத்தாம் சுற்றில் ஸுஹைர் முன்னுக்கு. இருபதாம் சுற்றிலும் ஸுஹைர் முன்னுக்கு. இக்னேசியஸ் எல்லாருக்கும் பின்னுக்கு, ஆனாலும் சந்தோஷமாக.

இருபத்தேழாம் சுற்றில் மூன்றாம் முடக்கில் வண்டி வழுக்கியது. இக்னேசியஸ் ஓரத்தில் விழவில்லை. நட்ட நடுவில் விழுந்தார், முகம் குப்புற. எலும்பு ஒன்றும் முறியவில்லை. எழும்பி இருந்து மீசையைத் தடவினார். மீசையில் மண் ஒட்டவில்லை. ஒட்டியிருந்தது உழுந்து.

ஒரு மணியை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். இன்னொன்று சட்டைப் பைக்குள். இன்னும் ஒரு கைப்பிடி காற்சட்டை மடிப்புக்குள். வைக்கல் என்று நினைத்திருந்த செடியைக் கையால் விலக்கினார். தார் தெரியவில்லை, கறுகறுவென்று உழுந்து கிடந்தது. வெடித்த நெற்றுக்கள் அவரைப் பார்த்து வாயைப் பிளந்தன.

திரேசம்மா ஆறுதலாக நடந்து வந்தாள்.

"எலும்பு ஏதும் முறிஞ்சதோ?"

"இது என்ன?" கையை நீட்டினார்.

"முறியேல்லைத்தானே. அப்ப போட்டது வேலை செய்திருக்கு."

"திரேசம்மா, நான் உழுந்து மிதிக்கவோ வந்தனான்? நான் இப்பவே நிப்பாட்டுறன்."

"நிப்பாட்டுங்கோ," என்றாள். "அந்தாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். கேட்டால் என்ன சொல்லுறதெண்டு யோசிச்சு வைச்சுக்கொண்டு நிப்பாட்டுங்கோ."

இக்னேசியஸ் திரும்பிப் பார்த்தார். லெஸ்லி கதிரையை விட்டு எழுந்து, நெற்றிக்குக் கையைப் பிடித்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்சாதி தன்னை மாடாக்கிவிட்டாள் என்று கொழும்பு உத்தியோகத்தருக்கு எப்படிச் சொல்வது? சொன்னால் பதினேழு வருஷக் கனவு அத்தோடு சரி. அவமானத்தில் காது இரண்டும் கொதித்தன. வண்டியை நிமிர்த்தினார். உதைத்தார். மிச்சச் சுற்றுக்களையும் தெரிந்துகொண்டே ஓடினார்.

முப்பதாவது சுற்று முடிய, லெஸ்லி கைதட்டிக்கொண்டு வந்தார். திரேசம்மா முந்திக்கொண்டாள்.

"ஐயா சும்மா பார்த்துப்போட்டுப் போனால் சரியோ? வாறவையளுக்கும் ஒரு சுத்து ஓடிப்பார்க்க ஆசை வருமெல்லோ? ஐயாவே காறில ஓடிப் பாருங்கோவன்."

லெஸ்லி ஆசைப்பட்டு ஏறினார். காறோ சரியான பாரம். இரண்டாம் முடக்கில் வெடிக்காமல் தங்கிக்கிடந்த நெற்றெல்லாம் பொடிப்பொடியானது. அவர் ஆறு சுற்று ஓடினார். நிறுத்தலாமா என்று பார்த்தபோதெல்லாம் திரேசம்மா கொடியை வீசிக்கொண்டேயிருந்தாள்.

அவர் இறங்கும்போது பெண்கள் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். செடியை உதறி ஒதுக்கினார்கள். கூட்டிக் குவித்தார்கள். சுளகை உயர்த்திக் கடற்காற்றில் தூற்றினார்கள். உமி ஒரு பக்கம் பறக்க, உழுந்து ஒரு பக்கம் கொட்டியது. லெஸ்லி பிலிம் முடியும்வரை படம் பிடித்தார்.

"மிஸ்டர் இக்னேசியஸ், றேஸ் நான் எத்தினையோ பார்த்திருக்கிறன். இப்பிடியொண்டு எங்கையும் பார்க்கேல்லை. இது ஆருடைய யோசனை?"

இக்னேசியஸ் வாயைத் திறந்தார்.

"எல்லாம் இவருடைய யோசனைதான் ஐயா," என்றாள் திரேசம்மா. "வைக்கல் இல்லாட்டில் றேஸ் இல்லையெண்டு இவர்தான் சொன்னவர்."

லெஸ்லி குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். வட்டறோட்டை இக்னேசியஸின் பொறுப்பில் விடலாம். வேலி வேண்டாம். ரிக்கற் கொட்டில் கட்டலாம். ஒரேயொரு நிபந்தனை. ஒவ்வொரு பந்தயமும் இன்று நடந்தபடியே, முடக்கில் தானியம் பரப்பி, கடைசியில் பெண்கள் தூற்றுவதோடுதான் முடிய வேண்டும். அது இல்லாவிட்டால் அனுமதி இல்லை.

பின்னேரம் மழை ஊற்றியது. ஒன்பது சாக்கு உழுந்தும் வீட்டு முன்னறையில் கூரைக்குக் கீழே பத்திரமாக இருந்தது. இக்னேசியஸ் அவற்றுக்கு நடுவில் கதிரையில் இருந்தார். திரேசம்மா சுடுதண்ணீரில் துணியை நனைத்து அவர் முழங்காலில் ஒத்தடம் கொடுத்தாள்.

"நல்லாத்தான் ஓடினியள்," என்றாள். மெய்யாகவே சொன்னாள். அது இக்னேசியஸுக்கும் விளங்கியது. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கோபம் பாதி கரைந்துபோனது. மிச்சப் பாதியை மரியாதைக்காக வைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டுத் தலைவன் குரலில், இரண்டாவது சட்டத்தைப் போட்டார்.

"இஞ்சேரும், நடந்தது நடந்துபோச்சுது. இனி என்ர சொல்லுத்தான். றேஸ் எண்டது கண்ட கண்ட நேரமெல்லாம் வைக்கிற சாமான் இல்லை. வருஷத்துக்கு ஒருக்காத்தான் வைப்பன். அதுவும் எப்ப எண்டு நான்தான் சொல்லுவன்."

"ஓம்," என்றாள் திரேசம்மா, துணியைப் பிழிந்தபடி. "புதன்கிழமை எண்டு சொல்லுங்கோ. கட்டைபறிச்சான் அருளம்பலத்தாற்ர பயறு செவ்வாய்க்கிழமை வள்ளத்தில வருகுது."