பெயர் போடாத நேயர்

கடிதத்தை முக்கால்வாசி வாசித்த பிறகுதான், அடியில் பெயர் இல்லை என்பதை அப்புசாமி கவனித்தார்.

பாதியில் நிறுத்த வழியில்லை. மாரியம்மன் கோயில் கம்பத்தில் கட்டியிருந்த இரண்டு குழாய் ஸ்பீக்கர்களும் எட்டாங்கட்டைத் தோட்டத்தின் அறுபது லயத்து வீடுகளுக்கும், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலாய்க்காரர் கம்போங்குக்கும், நியாலாஸ் சாலையில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கும் அவர் குரலைச் சேர்த்துக்கொண்டிருந்தன.

"...ஆகவே, மதிப்பிற்குரிய எட்டாங்கட்டை வானொலியாரே, மூன்று மாதமாக நாங்கள் குளிப்பது தண்ணீரில் அல்ல, துருவில். டேங்கி இற்றுப்போனது மேனேஜருக்குத் தெரியும். புது டேங்கிக்கு எழுதிய மனு, தைப்பூசத்திலிருந்து ஆபீஸ் மேசை லாச்சியில் தூங்குகிறது. ஒரு கையெழுத்து விழுந்தால் அது எழுந்து வந்துவிடும். இப்படிக்கு..."

'இப்படிக்கு' என்பதற்குப் பிறகு வெறும் காகிதம்தான் இருந்தது.

வாரத்தில் ஆறு நாள் ரப்பர்க் காட்டில் பால்மரம் சீவுகிற அப்புசாமி, ஏழாவது நாள் காலை பத்து மணிக்கு ஒரு வானொலி நிலையமாகிவிடுவார். பிறப்பு, இறப்பு, யூனியன் செய்தி, பக்கத்துத் தோட்டத்து அநியாயம், நடுநடுவே பாட்டு. தேர்தல் வந்துவிட்டால், வேட்பாளர் போன தடவை பேசியதைக் கேசட்டில் பிடித்து வைத்திருந்து இந்தத் தடவை போட்டுக் காட்டுவார். லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்பவர்களிடம், "இது கம்பியில போறது, காத்துல போனாத்தான் லைசென்ஸ்" என்பார். அது உண்மையா என்று அவரும் விசாரித்ததில்லை.

வானொலியில் மௌனம் என்பது சோற்றில் கல். அப்படி ஒரு கல் விழ அப்புசாமி விடமாட்டார். சட்டென்று சொந்தச் சரக்கைச் சேர்த்தார்.

"இப்படிக்கு, பெயர் சொல்ல விரும்பாத, ஆபீசின் மூலைமுடுக்கெல்லாம் அறிந்த நம் அன்பு நேயர்" என்று கம்பீரமாக முடித்துவிட்டு, பாட்டைப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஜெயமணி தேத்தண்ணியை முன்னால் வைத்தாள். வைத்த வேகத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

"பேரு இல்லைன்னா இல்லைன்னு விட வேண்டியதுதானே. மூலைமுடுக்குன்னு சொல்லச் சொன்னது யாரு?"

"ஒரு அழகுக்குச் சொன்னேன்."

"நம்ம லயத்துல ஆபீஸ் மூலைமுடுக்கு யாருக்குத் தெரியும்? தினம் கூட்டுறவளுக்குத்தான்."

அப்புசாமிக்குத் தேத்தண்ணி புரை ஏறியது. ஆபீசைக் கூட்டுகிறவள் திலகவதி. புருஷன் போன பிறகு இரண்டு பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு, அந்தத் துடைப்பத்தைப் பிடித்தே நிமிர்ந்து நிற்கிறவள். வேலை போனால் தோட்டத்து வீடும் போகும்.

"துரைக்குத் தமிழ் தெரியாதுலா" என்றார் அப்புசாமி, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு.

கோலாலம்பூரிலிருந்து புதிதாக வந்த மேனேஜருக்குத் தமிழ் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் கடிதத்தில் டேங்கி, மேனேஜர், ஆபீஸ், லாச்சி என்று நான்கு சொற்கள் இருந்தன. பங்களா வராந்தாவில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த மனிதருக்கு அந்த நான்கே போதுமானதாக இருந்தது.

சாயங்காலமே கிராணி பாக்கியசாமியின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அவர்தான். இரண்டு நிமிடம் பிந்தினால் அரை நாளை வெட்டுகிறவர். அவர் சிரித்துப் பார்த்தவர் லயத்தில் யாருமில்லை. துரையின் நிழல் என்று அவருக்குப் பெயர்.

"கடுதாசி எங்க?"

"எதுக்குங்கய்யா?"

"துரை கேக்குறாரு. குடு."

வாங்கியதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எழுதினது யாரு?"

"சத்தியமாத் தெரியாதுங்கய்யா."

கிராணி அவரை உற்றுப் பார்த்தார். "தெரியாததைத் தெரியாதுன்னே சொல்லிக்கிட்டு இரு. உன் வாயை ஞாயித்துக்கிழமை மட்டும் திற."

மிரட்டிவிட்டுப் போகிறான் என்று அப்புசாமி இரவுச் சோற்றைக்கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

மறுநாள் விடிகாலை, பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் துரையே வந்து நின்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைக் கிராணி தமிழில் சொன்னார். எழுதியவர் வெள்ளிக்கிழமைக்குள் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது திலகவதி என்றே முடிவு. வேலையும் இல்லை, வீடும் இல்லை.

ஸ்பீக்கரை இறக்கு என்றிருந்தால்கூட அப்புசாமி இவ்வளவு கலங்கியிருக்க மாட்டார். தன் நாக்கின் ஓர் அலங்காரத்துக்கு ஒரு குடும்பம் தெருவுக்கு வரப்போகிறது. திலகவதி அவரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

சீவிய பாலை நிறுத்துக் கொடுத்ததும் நேராக ஆபீசுக்குப் போனார்.

"ஐயா, திலகவதிக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. துரைகிட்டச் சொல்லுங்க."

கிராணி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். துரை பதில் சொன்னார். கிராணி அதைத் தமிழாக்கினார்.

"அப்ப அவ சொல்ல இன்னொரு ஆளு எழுதியிருக்கான். குத்தவாளி ரெண்டு பேருங்கறாரு. வேற ஏதாச்சும் உதவி பண்ணணுமா நீ?"

ஒன்றாக இருந்த வழக்கை இரண்டாக்கிவிட்டு அப்புசாமி வீடு திரும்பினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. விடியும்வரை யோசித்து, செவ்வாய்க்கிழமை மறுபடியும் போனார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"நான்தாங்க எழுதினேன்."

கிராணி கண்ணை மூடித் திறந்தார். பிறகு துரையிடம் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ விளக்கினார். துரை தலையாட்டியதும் ஒரு காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார்.

"ஒரு வரி எழுது."

எழுதினார். அப்புசாமியின் குரல் கோலாலம்பூருக்குப் போக வேண்டிய குரல், கையெழுத்து கோழி கிளறியது. கிராணி அதைக் கடிதத்தோடு வைத்துப் பார்த்து, துரையிடம் உதட்டைப் பிதுக்கினார்.

"பொருந்தலை. போ."

கையெழுத்தை வைத்தே ஆளைப் பிடித்துவிடலாம் என்று துரைக்கு யோசனை சொன்னது கிராணிதான் என்ற செய்தி, அப்புசாமிக்கு முன்பே லயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. "சொந்தச் சாதி சனத்தையே காட்டிக்கொடுக்க இப்படி ஒரு மூளை" என்று லயத்துப் பெரியவர் மாயாண்டி காறித் துப்பினார்.

ஜெயமணி அன்று குழாயடியில் வெகுநேரம் நின்றாள். துருத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுவதால் பெண்கள் பேசுவதற்கு அங்கே நேரத்துக்குப் பஞ்சமில்லை. திரும்பி வந்து சொன்னாள்.

"எழுதினது ஒருத்தர்னாத்தானே ஆளைத் தேடுவாங்க. நாளைக்குப் பெரட்டுக்கு நீங்க வாயைத் திறக்காம வாங்க. அது போதும்."

புதன்கிழமை பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு முடித்ததும், கைநாட்டைத் தவிர வேறெதுவும் அறியாத மாயாண்டி முன்னால் வந்தார்.

"கடுதாசியை நான்தான் எழுதினேன்."

"உனக்குத்தான் எழுதவே தெரியாதே" என்றார் கிராணி.

"அன்னிக்கு மட்டும் தெரிஞ்சுச்சு."

"அவரு சொல்றது பொய்ங்கய்யா" என்று பின்வரிசையிலிருந்து சாமிக்கண்ணு முண்டிக்கொண்டு வந்தார். "எழுதினது நானு. மனு லாச்சியில தூங்குதுன்னு வரும் பாருங்க, அது என் சொந்த வரி."

"துருவுல குளிக்கிறோம்னு வர்றது பொம்பளைங்க எழுதினது. அதுல யாரும் பங்குக்கு வராதீங்க" என்றாள் ஜெயமணி.

அதற்குப் பிறகு வரிசை ஒழுங்காக நிற்கவில்லை. எந்த வரி யாருடையது என்று நிஜமாகவே சண்டை மூண்டது. மாமனும் மருமகனும் ஒரே வரிக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கிராணி பெரட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. கோபத்தில் ஆடுகிறான் மனுஷன் என்று அப்புசாமி நினைத்தார்.

"எத்தனை பேர்?" என்று துரை கேட்டார்.

"நாப்பத்து மூணு, சார். இதுவரைக்கும்."

துரையின் முகம் பழுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை நாற்பத்து மூன்று பேரும் ஆபீஸ் வாசலில் எழுதிக் காட்ட வேண்டும். யார் எழுத்து பொருந்துகிறதோ, அந்தக் குடும்பமும் திலகவதி குடும்பத்தோடு சேர்ந்து வெளியே போகும்.

இப்போதுதான் அப்புசாமிக்கு ஒன்று உறைத்தது. நிஜமாக எழுதியவர் இந்த நாற்பத்து மூன்று பேரில் ஒருவராகத்தானே இருக்க வேண்டும். ஒளிந்திருந்த புண்ணியவானை, வீம்புக்கு நிற்க வைத்து, கிராணியின் மேசைக்கே அழைத்துப்போகிறார்கள்.

"வேணாம் ஜெயம், எல்லாரையும் வாபஸ் வாங்கச் சொல்லு."

"சொல்லிப் பாத்துட்டேன். யாரும் விட்டுத்தர மாட்டேங்குறாங்க. எல்லாரும் தான்தான் எழுதினோம்னு நம்பவே ஆரம்பிச்சுட்டாங்க."

வியாழக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்தில் ஜெயமணி கரும்பலகையை வைத்து, எழுதத் தெரியாத பதினோரு பேருக்கு ஒரே ஒரு வரி கற்றுக்கொடுத்தாள். "குளிக்க நல்ல தண்ணீர் வேண்டும்." தெரிந்தவர்களும் அதையே எழுதுவது என்று முடிவாயிற்று. மாயாண்டி அறுபத்திரண்டு வயதில் முதல்முதலாக ஒரு 'த' போட்டுவிட்டு, அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். அவர் கண் கலங்கியதை அப்புசாமி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் வாசலில் மேசை போட்டு, பூதக்கண்ணாடியோடு கிராணி உட்கார்ந்தார். பக்கத்தில் துரை. தூணோரம் துடைப்பத்தோடு திலகவதி.

ஒவ்வொருவராக எழுதிக் கொடுத்தார்கள். கிராணி ஒவ்வொன்றையும் கண்ணாடியால் மேய்ந்துவிட்டு, "பொருந்தலை" என்றார்.

"என்ன எழுதியிருக்கிறார்கள்?" என்று துரை கேட்டார்.

"குளிக்க நல்ல தண்ணீர் வேணுமாம், சார்."

அடுத்தது. "பொருந்தலை. குளிக்க நல்ல தண்ணீர் வேணுமாம், சார்."

பன்னிரண்டாவது காகிதத்தில் துரை போதும் என்று கையைக் காட்டினார். கிராணி கேட்கவில்லை.

"ஒண்ணொண்ணாத்தான் பாக்கணும், சார். நாளைக்கு யூனியன் கேட்டா நாம பதில் சொல்லணும்."

நாற்பத்து மூன்று தடவையும் சத்தமாக மொழிபெயர்த்தார். முப்பதுக்கு மேல் துரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக மாயாண்டி. பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு எழுதி, பழக்க தோஷத்தில் கீழே கைநாட்டும் வைத்தார். கிராணி அந்தக் காகிதத்தை மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"பொருந்தலை, சார். எழுதினவன் இந்தத் தோட்டத்து ஆளே இல்ல. ஆத்துக்கு அந்தப் பக்கம் யாரோ. அநாவசியமா கூட்டுறவளை நிறுத்தினா, நாளைக்கு அதையும் இந்த அப்புசாமி மைக்குல படிப்பான்."

துரை எழுந்து உள்ளே போனார். லாச்சி இழுபடும் சத்தம் வெளியே நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. சிறிது நேரத்தில் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் வெளியே வந்தது.

"டேங்கி வருது. எல்லாரும் வேலைக்குப் போங்க" என்றார் கிராணி. பிறகு தூண்பக்கம் திரும்பிக் கத்தினார். "நீ என்ன வேடிக்கை பாக்குற? வராந்தா முழுக்கக் குப்பையாக் கிடக்கு."

திலகவதி கூட்டத் தொடங்கினாள். அழுதுகொண்டே கூட்டினாள். அப்புசாமிக்குத் தன் தோட்டத்தை நினைத்துப் பெருமையாக இருந்தது. இத்தனை வருடம் இந்த ஜனங்களுக்கு நாம் வானொலி நடத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே, அவர்கள் அல்லவா நடத்தியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

அடுத்த புதன்கிழமை ஜாசின் டவுனிலிருந்து லாரியில் டேங்கி வந்து இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இரண்டாவது தடவையாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். சரியாகப் பத்து மணிக்கு அப்புசாமி கோயில் மண்டபத்தில் மைக்கைப் பிடித்தார்.

"நேயர்களே, எட்டாங்கட்டை வானொலி இன்று தலை நிமிர்ந்து பேசுகிறது. நாற்பத்து மூன்று எழுத்தாளர்களைப் பெற்ற தோட்டம் இந்த மலாக்காவில் வேறு எது? பெயர் போடாத அந்த அன்பு நேயரே, நீங்கள் யாராயிருந்தாலும் உங்களுக்கு எங்கள் கும்பிடு. கிராணியாரின் பூதக்கண்ணாடிக்கே தண்ணி காட்டிவிட்டீர்கள். துரைக்கு நிழலாக இருப்பவர்களுக்கு இது ஒரு பாடமாக இருக்கட்டும்."

கடைசி வரி தன் வாயிலிருந்து போகும்போதே, வாசலில் ஆள் அரவம் கேட்டுத் திரும்பினார். கிராணியின் மனைவி பிரிஜிட், ஜாசின் மாதா கோவிலில் பூசை பார்த்துவிட்டு வந்த சேலையோடு நின்றிருந்தாள். அந்த அம்மாள் லயத்துப் பக்கமே வந்ததில்லை. அப்புசாமி அவசரமாகப் பாட்டைப் போட்டு, மைக்கை அணைத்துவிட்டு எழுந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள், வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டார்.

பிரிஜிட் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினாள்.

"அவரு குடுத்துவிட்டாருண்ணே. இந்தத் தடவை இடது கையால எழுதினாராம், படிக்கச் சிரமமா இருந்தா மன்னிச்சுக்கச் சொன்னாரு."